உருத்திரமூர்த்தி முறை

அத்தியாயம் 11

பொன்னாடை வருகிறது என்றால் கழுத்தை நீட்டாத மனிதர் ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் இன்னும் பிறக்கவில்லை. உருத்திரமூர்த்தியும் அதே ஊரில்தான் கடை வைத்திருக்கிறார்.

விட்ட இடத்தைத் தொட்டுக்கொண்டு போவோம். தமிழ் மன்றச் செயலாளர் ஞானப்பிரகாசத்தின் மகன் நிலக்ஷன் பல்கலைக்கழகத்தில் நீரியல் படிக்கிறான். அவனுடைய பாடப் புத்தகத்தில் ஆற்று நீரைச் சோதிக்கும் வழி ஒன்றுக்கு 'உருத்திரமூர்த்தி முறை' என்று ஜேர்மன் எழுத்தில் அச்சடித்திருந்தது. மகன் தகப்பனுக்குக் காட்டினான். தகப்பன் அன்றைக்கே கடைக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, உது உங்கட பேரே?"

"ஓம், எங்கட வீட்டு விசயம்தான்" என்றார் உருத்திரமூர்த்தி.

பொய் என்று சொல்ல முடியாது. தராசுத் தட்டில் விரல் படவில்லை; தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த முறையைக் கண்டுபிடித்தவர் அவருடைய மனைவி கமலாம்பிகை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தவர். அகதியாக வந்த புதிதில் இங்கே ஓர் ஆய்வு நிலையத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தார். இந்த நாட்டில் ஒருவர் ஏதாவது கண்டுபிடித்தால் அவருடைய குடும்பப் பெயரைத்தான் அதற்கு வைப்பார்கள். நம் ஆட்களுக்கோ குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. வந்து இறங்கியபோது அதிகாரி கேட்டார். கல்யாணமான பெண்கள் ஆளுக்கு ஆள் புருசன் பெயரைச் சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள். இப்படியாக, மைக்ரோஸ்கோப்பை ஒரு நாளும் தொட்டுப் பாராத ஒரு மளிகைக் கடைக்காரர் ஜேர்மன் விஞ்ஞானத்தில் இடம் பிடித்தார்.

இன்று சனிக்கிழமை. பிற்பகல் பாராட்டு விழா. 'அறிவியல் செம்மல் க. உருத்திரமூர்த்தி அவர்களுக்கு' என்று அழைப்பிதழ் ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் பறந்துவிட்டது. அது கார்ஹிங் நகரத்திலும் போய் இறங்கியது. அங்கே ஆராய்ச்சி செய்கிற அவர்களுடைய மகள் தேனுஜா முதல் ரயிலைப் பிடித்து வந்து, வீட்டு மணியை ஒரு தடவை அடித்தால் போதும் என்ற இடத்தில் நான்கு தடவை அடித்தாள்.

"அப்பா எங்க?"

"குளிக்கிறார்" என்றார் கமலாம்பிகை. "இண்டைக்கு இரண்டாந்தரம்."

"அம்மா, உங்களுக்கு விசரே? உங்கட கண்டுபிடிப்புக்கு அப்பாக்குப் பொன்னாடை போர்க்கினம். நீங்கள் அவருக்குச் சால்வை அயன் பண்ணுறியள்!"

"கசங்கின சால்வையோட மேடையில ஏறினால் ஆருக்கு வெக்கம்?"

கமலாம்பிகை அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அவர் கோபப்படுகிற ஆள் இல்லை. கோபத்தை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டுச் சாவியையும் எங்கேயோ போட்டுவிடுகிற ஆள்.

"பிள்ளை, மேடையில நிண்டால் கொஞ்ச நேரம் எல்லாரும் பாப்பினம். பேந்து சாப்பாட்டுக்குப் போவினம். அதுக்கு அவர் காணும்."

"அது உங்கட வேலை அம்மா!"

"நிலக்ஷனிட்டை வாங்கி நீ அந்தப் புத்தகப் பக்கத்தைப் போனில அனுப்பினனீ எல்லே? நான் வாசிச்சுப் பாத்தன். முறையைப் பிழையில்லாமல் போட்டிருக்கினம். எனக்கு அது காணும்."

தேனுஜாவுக்கு அழுகை வந்தது. அவள் அழுகிற சாதியில்லை. அழுகை வந்தால் கதிரையை இழுத்துச் சத்தம் போடுவாள். இழுத்தாள்.

"கார்ஹிங்கில எங்கட லாப்பில ஒரு கட்டுரை வெளியில போறதெண்டால், ஆரின்ர பேர் எத்தினையாவது எண்டு ரெண்டு கிழமை சண்டை நடக்கும். நீங்கள் முழு முறையையும் தூக்கிக் கொடுத்துப்போட்டுக் காணும் எண்டுறியள்."

"நான் ஒருத்தருக்கும் கொடுக்கேல்லை. வேலை முடிஞ்சுது, வந்திட்டன்."

முடிந்தது என்று அவர் சொன்ன விதத்தில் ஒரு கதவு மெல்லச் சாத்தப்பட்டது. ஒப்பந்தத்தை நீடிக்கவில்லை என்று நிலையத்தில் சொன்ன அன்று கமலாம்பிகை நேராகக் கடைக்கு வந்து, மேற்சட்டையைக் கழற்றிக் கொளுவிவிட்டு, மிளகாய்த்தூள் பைகளுக்கு விலை ஒட்ட ஆரம்பித்தார். அதன் பிறகு அந்த நிலையம் இருக்கிற தெருவால் அவர் போனதில்லை. ட்ராம் அந்தப் பக்கம் போனாலும் ஒரு தரிப்பிடம் முன்னுக்கே இறங்கிவிடுவார். தேனுஜாவுக்கு இது சிறு வயதிலிருந்தே தெரியும். அம்மாவுக்கு நடக்க விருப்பம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள்.

குளியலறைக் கதவு திறந்தது. வேட்டியும் வாசமுமாக உருத்திரமூர்த்தி வந்தார். மகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. மகளின் முகத்தைக் கண்டதும் மலர்ந்தது பாதியில் நின்றது.

"எப்ப வந்தனீ மோள்?"

"அப்பா, கீசல் அல்கே எண்டால் என்ன?"

"அது… பாசி."

"என்ன பாசி?"

"தண்ணிக்குள்ள இருக்கிற பாசி."

"செம்மல்!" என்றாள் தேனுஜா. "நான் எழும்பி மேடையில வைச்சுக் கேப்பன்."

"நீ எழும்பினாய் எண்டால் நான் எழும்பி வீட்டை போயிடுவன்" என்றார் கமலாம்பிகை. குரல் உயரவில்லை. அதுதான் பயம்.

உருத்திரமூர்த்தி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இந்த ஒரு வாரமும் அவருக்கு நல்ல வாரம். கடைக்கு வந்தவர்கள் கருவாட்டை விலை பேசாமல் வாங்கினார்கள். ஒரு மனிதர் கை கொடுத்துவிட்டுக் கையைக் கழுவாமல் போனார். முப்பது வருடமாகக் கல்லாவுக்குப் பின்னால் நின்ற மனிதருக்கு, முன்னால் நிற்க ஒரு சந்தர்ப்பம். அதை விட்டுக்கொடுப்பது எவருக்கும் இலேசில்லை. ஆனாலும் அந்த ஒரு வாரமும் அவர் மனைவியின் கண்ணைப் பார்த்துக் கதைக்கவில்லை. அதுவும் இலேசாக இல்லை.

"கமலம், நீர் சொல்லும். நான் என்ன செய்ய?"

"எனக்கென்ன தெரியும். உங்கட விழா."

"சரி" என்றார் அவர் மகளிடம். "நான் சொல்லுறன். என்ர வாயாலயே சொல்லுறன். மைக்கைப் பிடிச்சு, சபைக்கு முன்னால. காணுமே?"

"சத்தியமா?"

"கடை மேல சத்தியம்."

அதற்கு மேல் அவரிடம் பெரிய சத்தியம் இல்லை. தேனுஜா கதிரையைப் பழைய இடத்தில் வைத்தாள்.

*

தேவாலயத்துப் பங்கு மண்டபத்தை மன்றம் வாடகைக்கு எடுத்திருந்தது. மங்கல விளக்கு, மௌன அஞ்சலி, வரவேற்பு நடனம், மைக் கீச்சிட்ட இடங்கள் எல்லாம் முறைப்படி நடந்து முடிந்தன. கடைசி வரிசையில் இந்தியாவிலிருந்து வந்த இரண்டு ஐடி பையன்கள் சாப்பாடு எப்போது என்று ஆங்கிலத்தில் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஞானப்பிரகாசம் வாழ்த்துப்பாவை வாசித்தார். தானே எழுதியது. சட்டம் போட்டுக் கண்ணாடி பதித்தது.

"உருத்திர மூர்த்தி! உலகெலாம் கீர்த்தி! ரைன்நதி நீரின் தாகத்தைத் தீர்த்தி!"

நதிக்கு எப்படித் தாகம் எடுக்கும் என்று எவரும் கேட்கவில்லை. கைதட்டினார்கள்.

பொன்னாடையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது உருத்திரமூர்த்தி கையால் மறித்தார். "ஒரு நிமிசம் தம்பி. முதல்ல நான் ஒரு வார்த்தை சொல்லோணும்."

தேனுஜா முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் கமலாம்பிகை மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, வேறு யாருடைய வீட்டு விசேசத்துக்கோ வந்தவர் மாதிரி இருந்தார்.

"அன்பான சபையோருக்கு வணக்கம்" என்றார் உருத்திரமூர்த்தி. தொண்டையைச் செருமினார். "இந்தப் பாராட்டு எனக்குரியதில்லை. இது என்ர மனுசி கமலாம்பிகைக்குரியது. எல்லாம் செய்தது அவதான். நான் ஒண்டும் செய்யேல்லை."

இடி விழுந்த மாதிரிக் கைதட்டல்.

இரண்டாம் வரிசையில் நேசமலர் அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். துடைத்த கையாலேயே புருசனின் விலாவில் குத்தினார். "பாத்தியளே! மனுசியை எப்பிடி மதிக்கிறார் எண்டு. நீங்களும் இருக்கிறியள்!"

உருத்திரமூர்த்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இல்லை, நான் உண்மையாத்தான் சொல்லுறன். அவ இல்லாட்டி இந்த முறையே இல்லை."

இன்னும் பலத்த கைதட்டல்.

"எனக்கு விஞ்ஞானம் ஒரு மண்ணும் தெரியாது!"

"தன்னடக்கம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஞானப்பிரகாசம் மைக்கை வாங்கிக்கொண்டார். "நிறைகுடம் சபையோரே, நிறைகுடம்! இவ்வளவு பெரிய மனிதர் எல்லாப் பெருமையையும் இல்லாளின் காலடியில் வைக்கிறார். அம்மா, எழும்பி ஒருக்காக் கை கூப்புங்கோ."

கமலாம்பிகை இருந்த இடத்திலேயே கைகூப்பினார். இப்படித்தான் ஆயிற்று கதை. நம் மேடைகளில் எல்லாப் புருசன்மாரும் சொல்கிற வசனத்தை அவரும் சொல்லிவிட்டார். நூறு பேர் மரியாதைக்குச் சொன்ன வார்த்தையை நூற்றோராவது ஆள் உண்மையாகச் சொன்னால் யார் நம்புவார்கள்? பழைய நோட்டு மாதிரி. அச்சு நல்லதுதான், கடையில் எடுபடாது.

பொன்னாடை தோளில் விழுந்தது. கமரா மின்னியது. தேனுஜா எழும்பப் போனாள். அம்மாவின் கை அவளுடைய முழங்காலில் வந்து அமர்ந்தது.

"அம்மா, அவர் சொன்னவர். ஒருத்தரும் கேக்கேல்லை."

"அவர் சொன்னவர்தானே. காணும்."

மேடையில் உருத்திரமூர்த்தி பொன்னாடைக்குள் வேர்த்துக்கொண்டு நின்றார். ஞானப்பிரகாசம் விடுவதாயில்லை. "அண்ணை, பிள்ளையளும் இருக்கினம். அந்த முறையைப் பற்றி இரண்டு வார்த்தை, எளிமையா."

உருத்திரமூர்த்தி மைக்கைப் பார்த்தார். சபையைப் பார்த்தார். பிறகு முன்வரிசையில் கைப்பையோடு இருந்த மனைவியைப் பார்த்தார். அவர் மனைவியின் கண்ணைப் பார்த்தது அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை.

"பாசி எண்டால் பச்சையா வழுவழுப்பா இருக்கும்" என்று தொடங்கினார். "எங்கட கிணத்துக் கட்டில பாத்திருப்பியள்."

கமலாம்பிகை சேலை மடிப்பைச் சரி செய்தார்.

"இந்தப் பாசிதான் ஆத்துத் தண்ணியைக் கெடுக்கிறது."

கைப்பையின் கொளுக்கி ஒரு தடவை திறந்து ஒரு தடவை மூடியது.

"அதாலதான் என்ர முறையில பாசியை எல்லாம் அள்ளி வெளியில எறியிறது. பாசி ஒண்டும் இல்லாத தண்ணிதான் சுத்தமான தண்ணி."

"பிழை!"

மண்டபம் முழுக்கத் திரும்பியது. கமலாம்பிகை எழும்பி நின்றுகொண்டிருந்தார். எப்போது எழும்பினார் என்று அவருக்கே தெரியாது.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ! பிள்ளையள் கேட்டுக்கொண்டிருக்குதுகள். முழுப் பிழை!"

"எதப்பா பிழை?" என்று மைக்கில் கேட்டார் உருத்திரமூர்த்தி, ஒன்றும் அறியாதவர் போல.

"எல்லாம் பிழை!"

"அப்ப வந்து திருத்தும்."

கடைக்குள் வந்து எதையும் தொடாமல், ஒன்றும் வேண்டாதவர் போல நிற்கிற வாடிக்கையாளரிடம் நியாயமான விலை சொன்னால் அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அநியாய விலை சொல்ல வேண்டும். அப்போதுதான் வாய் திறக்கும். உருத்திரமூர்த்தி அதைத்தான் செய்தாரா, அல்லது நிசமாகவே அவருக்குப் பாசியைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதானா என்பதைப் பிறகும் மகளிடம்கூட அவர் சொல்லவில்லை.

கமலாம்பிகை மேடையேறினார். மைக்கை முகத்திலிருந்து தூரப் பிடித்தார். ஞானப்பிரகாசம் அதைக் கிட்டத் தள்ளினார்.

"நான் சொல்லுறது கண்ணுக்குத் தெரியாத பாசி" என்றார். "ஜேர்மன்காரர் கீசல் அல்கே எண்டுவினம். நாங்கள் படிக்கேக்க தயற்றம் எண்டு படிச்சனாங்கள். அதுகள் தண்ணியைக் கெடுக்கிறதில்லை. நாங்கள் இழுக்கிற மூச்சில அதுகளின்ர பங்கும் இருக்கு. ஒவ்வொண்டும் தன்னைச் சுத்திக் கண்ணாடியால ஒரு ஓடு கட்டி அதுக்குள்ள இருக்கும்."

மேசையில் பேச்சாளர்களுக்கு வைத்த காகிதக் கோப்பைகள் இருந்தன. ஒன்றை எடுத்துக் காட்டினார். இன்னொன்றை விரலால் நெரித்துக் கோணலாக்கினார்.

"இது நல்ல தண்ணியில வளந்தது. இது செம்பு, நாகம் எண்ட உலோகங்கள் கலந்த தண்ணியில வளந்தது. ஓடு கோணிப் போச்சு. முந்தி எல்லாரும் என்ன செய்தவை? ஆயிரம் வகைப் பாசிக்கும் பேர் படிச்சு, எது இருக்கு, எது இல்லை எண்டு பாத்தவை. பேர் படிக்கவே அரைவாசிச் சீவியம் போயிடும். நான் ரைனின்ர பழைய கிளை ஒண்டில கல்லைச் சுரண்டி எடுத்துப் பாத்துக்கொண்டிருக்கேக்க யோசிச்சன். பேர் என்னத்துக்கு? நேரா, கோணலா எண்டு எண்ணினால் காணுமே. ஒரு பின்னேரத்தில தண்ணிக்கு என்ன வருத்தம் எண்டு சொல்லிப்போடலாம்."

கடைசி வரிசையில் சாப்பாட்டை விசாரித்த பையன்களில் ஒருவன், "ப்பா, சூப்பர் ஐடியாங்க!" என்று சத்தமாகவே சொன்னான்.

நிலக்ஷன் எழும்பினான். பாவம், அந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்ததே அவன்தான். "அன்ரி, சுரண்டி எடுத்ததில மண்ணும் அழுக்கும் இருக்குமே? கண்ணாடி ஓட்டை மட்டும் எப்பிடிப் பிரிக்கிறது?"

"அமிலம் விட்டுச் சூடாக்கோணும். மற்றதெல்லாம் எரிஞ்சு போகும், கண்ணாடி மட்டும் நிக்கும்."

"நான் சோதினையில வடிகட்டிறது எண்டு எழுதினனான் அன்ரி. புள்ளி போயிட்டுது."

"போகத்தான் வேணும்" என்றார் கமலாம்பிகை.

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் எல்லாருக்கும் உறைத்தது. நேசமலர் அக்கா மெல்லக் கேட்டார்: "அப்ப… அவர் சொன்னது உண்மையே?" புருசன் விலாவைத் தடவிக்கொண்டே தலையாட்டினார்.

உருத்திரமூர்த்தி பொன்னாடையைக் கழற்றி மனைவியின் தோளில் போடப் போனார்.

"வேண்டாம், வேர்க்குது" என்று தட்டிவிட்டார் கமலாம்பிகை.

ஞானப்பிரகாசத்துக்கு வேறு கவலை. கண்ணாடிச் சட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். "அம்மா, மன்னிக்கோணும். இதைப் பெரிசா மாத்தத் தேவையில்லை. முன்னுக்கு 'திருமதி' எண்டு மட்டும் சேத்தால் சரி. திருமதி உருத்திரமூர்த்தி. எதுகையும் கெடாது."

"அங்கிள்" என்றாள் கீழேயிருந்து தேனுஜா, "அம்மாக்கு எண்டு ஒரு பேர் இருக்கு."

"இருக்கு மோள், ஓம். ஆனால் கமலாம்பிகைக்கு எதுகை பிடிக்கிறது கொஞ்சம்…"

"எழுதுங்கோ அங்கிள். ஜேர்மன்காரரும் திருத்தி எழுதத்தான் வேணும். நான் திங்கட்கிழமை அந்தப் பதிப்பகத்துக்கு மெயில் போடப் போறன்."

கைதட்டல் எழும்பியது. அது மரியாதைக்குத் தட்டியதில்லை. சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும். கமலாம்பிகையின் முகம் சிவந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் சிரிக்கிற ஒரு சிரிப்பு அவருக்கு உண்டு. அன்றைக்கு எல்லாரும் பார்க்கவே அது வந்தது. வந்து, பாதியில் நின்றது.

"பொறுங்கோ" என்றார் மைக்கில். "என்ர பேர் மட்டும் போட்டால் அதுவும் பிழை."

தட்டிய கைகள் நின்றன.

"நாங்கள் ரெண்டு பேர். ஒரு மேசையில இருந்தனாங்கள். நான் எண்ண, கொறற்றி எண்டவ படம் கீறினவ. மன்னார்ப் பிள்ளை. மைக்ரோஸ்கோப்பில ஒரு கண், பேப்பரில மற்றக் கண். நிலக்ஷன், உம்மட புத்தகத்தில அந்தக் கோணல் ஓடுகளின்ர படம் இருக்கே?"

"ஓம் அன்ரி. அதைப் பாத்துத்தான் எது கோணல் எண்டு பிடிக்கிறனாங்கள்."

"அடியில ஆரின்ர பேர் போட்டிருக்கு?"

நிலக்ஷன் யோசித்தான். "ஒருத்தற்ற பேரும் இல்லை அன்ரி."

"அதுதான்" என்றார் கமலாம்பிகை. மைக்கை ஞானப்பிரகாசத்தின் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார்.

*

வீட்டுக்குப் போகிற வழியில் காருக்குள் இடியப்பப் பொதியின் வாசம். மாலை வெயில் கண்ணாடியில் அடித்தது. பின்சீற்றில் இருந்த கமலாம்பிகை காலணியைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார்.

"அம்மா, ஆர் அந்தக் கொறற்றி? நான் ஒரு நாளும் கேள்விப்படேல்லையே."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த உருத்திரமூர்த்தி திடீரென்று ஏதோ பழைய பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினார். அவர் பாடுகிறார் என்றால் ஏதோ ஒளிக்கிறார் என்று அர்த்தம்.

"இப்ப எங்க இருக்கிறா?"

"புறுக்சாலில எண்டு கேள்வி" என்றார் கமலாம்பிகை.

"புறுக்சாலா! ரயிலில ஏறினால் அடுத்த ஊரெல்லே! பிறகேன் கதைக்கிறேல்லை?"

கமலாம்பிகை வெளியே பார்த்தார். "அச்சுக்குப் போற கடைசிப் படத்தில அவ ஒரு கோடு கூடுதலாப் போட்டிட்டா. ஓடு வளையிற இடத்தில, மெல்லிசா. நான் அது மைக்ரோஸ்கோப்பில வைக்கிற கண்ணாடித் தட்டில விழுந்த கீறல் எண்டன். அவ இல்லை, ஓட்டிலதான் இருக்கு எண்டா. படம் அச்சுக்குப் போற நாள். அவ தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் நான் அழிச்சுப்போட்டன்."

"சொல்லாமலா?"

"சொல்லாமல்தான்."

தேனுஜா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். காலையில் இருந்து தேடிக்கொண்டிருந்த குற்றவாளி பின்சீற்றில் இருப்பார் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"ஒரு கோட்டுக்கு முப்பது வருசமா அம்மா?"

"எங்கட ஆக்கள் வேலிக் கோட்டுக்குத் தலைமுறையா வழக்குப் பேசினவை" என்றார் உருத்திரமூர்த்தி. "இவையள் பொலிஸுக்குப் போகாமல் விட்டதே பெரிசு."

"நீங்கள் ரோட்டைப் பாத்து ஓடுங்கோ" என்றார் கமலாம்பிகை. பிறகு குரல் தணிந்தது. "அவவின்ர நம்பர்கூட என்னட்டை இல்லை."

பாட்டு மறுபடி தொடங்கியது. தேனுஜா பக்கவாட்டில் தகப்பனைப் பார்த்தாள். "அப்பா?"

"…என்ர போனில இருக்கு" என்றார் உருத்திரமூர்த்தி.

காருக்குள் இடியப்பம்கூட மூச்சு விடவில்லை.

"எப்பிடி?" என்றார் கமலாம்பிகை.

"வெள்ளிக்கிழமையில கடைக்கு வாறவ. பனங்கிழங்கு ஒடியல் மாவும் பாரைக் கருவாடும். நீர் கோயிலுக்குப் போற நேரம் பாத்து வருவா. வாடிக்கை ஆளப்பா! விட ஏலுமே?"

"எத்தினை வருசமா?"

"கடை திறந்த நாளிலயிருந்து."

கமலாம்பிகையின் மனதில் கணக்கு ஓடியிருக்க வேண்டும். பிறகு மெல்லக் கேட்டார்: "என்னைப் பற்றிக் கேக்கிறவவே?"

"கேக்கிறேல்லை. ஆனால் நான் சொல்லுவன். அவ நிண்டு கேப்பா. சாமானை எடுத்த பிறகும் நிண்டு கேப்பா."

ஒரு பெற்றோல் நிலையத்தின் ஓரத்தில் காரை நிறுத்தினார் உருத்திரமூர்த்தி. கேட்காமலே போனைத் திறந்து பின்னால் நீட்டினார். கமலாம்பிகைக்குக் கண்ணாடி வீட்டில். தேனுஜா அழுத்திக் கொடுத்தாள். சத்தம் எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

மணி அடித்தது. அடித்தது. கமலாம்பிகை வெட்டப் போன நேரம் எடுபட்டது.

"சொல்லுங்கோ அண்ணை, பாரை வந்திட்டுதே?"

கமலாம்பிகை போனை வாயோடு சேர்த்துப் பிடித்தார். நூறு பேருக்கு முன்னால் மைக்கைத் தூரப் பிடித்த கை.

"அண்ணை இல்லை. நான்… கமலம்."

அந்தப் பக்கம் எங்கேயோ குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை மூடினார்கள். பெற்றோல் நிலையத்தில் ஒரு லொறி வந்து நின்றது, நிரப்பியது, போனது.

"அந்தக் கோடு அங்க இருந்தது, கமலம்."

தேனுஜா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கமலாம்பிகை கண்ணை மூடித் திறந்தார்.

"நான் அதை அழிச்சிருக்கக் கூடாது" என்றார். "இருந்ததோ, இல்லையோ. அது நீர் கீறினது."

"இருந்தது."

"அப்ப வந்து காட்டும்."

"எதில காட்டுறது?"

"கண்ணாடித் தட்டுகளை நிலையத்தில எறிஞ்சிருக்க மாட்டினம். அவையள் ஒண்டையும் எறியிறேல்லை." கமலாம்பிகை மூச்செடுத்தார். "நான் கேக்கிறன். போய்க் கேக்கிறன்."

உருத்திரமூர்த்தி காரின் பின்பார்வைக் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். அந்தத் தெருவுக்கா? அவர் வாய் திறக்கவில்லை. திறந்தால் கெட்டுவிடும் என்று தெரிந்த மனிதர்.

கொறற்றி மெல்லச் சொன்னார்: "எனக்கு இப்பக் கண் முந்தின மாதிரி இல்லை."

"எனக்கும்தான்."

"பேந்து எப்பிடிப் பாக்கிறது?"

தேனுஜாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அன்ரி, நான் தேனுஜா. நானும் ஆராய்ச்சிதான் செய்யிறன். நான் பாத்து, கோடு இருக்கா இல்லையா எண்டு சொல்லுறன்!"

"நீ சும்மா இரு!" என்றார்கள் கமலாம்பிகையும் கொறற்றியும், ஒரே நேரத்தில்.